அபர்வத் சரிவுகளில் இறங்கும் முன்: பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்கும் முறை, படிப்படியாக

காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்குத் தளத்தில் உள்ள கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையின் முகட்டுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து முகட்டோரமாகச் சிறிது தூரம் நடந்தாலே ரோந்துக் குழுவின் கண்காணிப்பு எல்லை முடிந்துவிடும். அதற்கு அப்பால் எந்தச் சரிவையும் யாரும் உங்களுக்காகச் சோதித்து வைத்திருக்க மாட்டார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று ஹபத்குட் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் பனிச்சரிவில் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் இறந்தார்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். முதலில் விலை உயர்ந்த கருவி வாங்குகிறார்கள்; மேலே போனதும் பனியில் குழி வெட்டிப் பார்க்கிறார்கள்; குழியில் மோசமாக எதுவும் தெரியாவிட்டால் இறங்கிவிடுகிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் “வேண்டாம்” என்று சொல்லும் உரிமை உண்டு. முந்தைய படி சொன்ன “வேண்டாம்” என்பதை மாற்றும் உரிமை எந்தப் படிக்கும் கிடையாது.

1. அந்தக் குளிர்காலம் எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். பனிப்படுகை ஒரே நாளில் உருவாவதில்லை. நவம்பரிலிருந்து விழுந்த ஒவ்வொரு பொழிவும் அதில் ஓர் அடுக்காகக் கிடக்கிறது. நாளை நீங்கள் மிதிக்கப்போகும் புதுப்பனி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

குல்மார்க் அமைந்திருக்கும் பீர் பஞ்சால் மலைகளில் வழக்கமாகப் பனி அதிகம், குளிர் மிதம். அதனால் பொழிந்த பனி சில நாட்களில் இறுகிவிடும். லடாக்கில் பனி குறைவு, குளிர் கடுமை. அங்கே பனிப்படுகையின் அடிப்பகுதி குளிர்காலம் முழுக்கப் பலவீனமாகவே கிடக்கும். ஆனால் டிசம்பரில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு சில்லை கலான் எனப்படும் நாற்பது நாள் கடுங்குளிர் (டிசம்பர் 21 முதல் ஜனவரி இறுதி வரை) பனிப்பொழிவே இல்லாமல் வறண்டு போனால், குல்மார்க்கின் பனியும் லடாக் பனியின் குணத்துக்கு வந்துவிடும்.

காரணம் எளிது. பனிக்கு அடியில் தரை ஏறத்தாழ 0 டிகிரியில் இருக்கிறது. மேற்பரப்பு மைனஸ் 10 டிகிரி என்று வையுங்கள். பனியின் ஆழம் 2 மீட்டர் என்றால் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் வெப்ப வேறுபாடு அரை டிகிரிதான். ஆழம் 50 சென்டிமீட்டர் மட்டுமே என்றால் அது 2 டிகிரி. இந்த வேறுபாடு 10 சென்டிமீட்டருக்கு ஒரு டிகிரியைத் தாண்டும்போது, அடியிலிருந்து நீராவி மேலேறி, மென்மையான பனித்துகள்களைக் கோணல்மாணலான பெரிய மணிகளாக மாற்றிவிடுகிறது. கையில் எடுத்தால் சர்க்கரை போல விரலிடுக்கில் ஒழுகும். உருண்டை பிடிக்க வராது. இதன் மேல் பிப்ரவரியில் ஒரு மீட்டர் பனி விழுந்தால், அந்தக் கனத்தை ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

2024 ஜனவரியில் குல்மார்க்கில் பெரும்பகுதி வெறும் தரையாகக் கிடந்தது. பனி மாதக் கடைசியில்தான் வந்தது. பிப்ரவரியில் கனமாகப் பொழிந்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளில் உயரமான, நிழல் விழும் சரிவுகளை முதலிலேயே சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கீழே தரை தெரிந்தாலும், 3,500 மீட்டருக்கு மேல் வடக்கு பார்த்த பள்ளங்களில் பழைய பனி தங்கியிருக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எப்போது பனி விழுந்தது, எத்தனை சென்டிமீட்டர், இடையில் எத்தனை நாள் வறட்சி, எப்போது பலத்த காற்று, எப்போது மழை என்று ஒரு தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் மேலே குழி வெட்டினால், கண்ணில் படும் அடுக்கு எந்தத் தேதியில் உருவானது என்றே தெரியாது.

2. எச்சரிக்கை அறிவிப்பை முழுதாகப் படியுங்கள்

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பைத் தருவது, சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு. முன்பு சாசே என்ற பெயரில் இயங்கிய நிறுவனம்தான் 2020-ல் இன்னொரு ஆய்வகத்துடன் இணைந்து இந்தப் பெயருக்கு மாறியது. ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதன் எச்சரிக்கைகளை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டத்தில் வருகிறது.

அபாயம் ஐந்து நிலைகளாகச் சொல்லப்படும். 3-ஐப் பார்த்ததும் “நடுவில்தானே இருக்கிறது” என்று தைரியம் கொள்வதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அளவுகோல் சம இடைவெளியில் ஏறுவதில்லை. ஒவ்வொரு நிலையிலும் அபாயம் முந்தையதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகிறது. 3-ஆம் நிலையில் ஒரே ஆளின் எடை பனிச்சரிவைக் கிளப்பப் போதுமானது. ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சரிவு மரணங்களின் பெரும்பங்கு இந்த நிலையில்தான் நேர்கிறது. 5-ஆம் நிலையில் யாரும் வெளியே போவதில்லை. 3-ல் எல்லோரும் போகிறார்கள்.

அறிவிப்பில் உயர எல்லையையும் பாருங்கள். “3,000 மீட்டருக்கு மேல்” என்று இருந்தால், கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது. மாவட்டம் முழுமைக்கும் தரப்படும் அறிவிப்பு உங்கள் ஒரு சரிவைப் பற்றி எதுவும் சொல்லாது. அன்று காலை ரோந்துக் குழுவினரிடம் நேரில் கேட்பது இதற்குத் துணை. “மேலே திறந்திருக்கிறதா” என்று கேட்காதீர்கள். கோண்டோலா ஓடுகிறது என்பதற்கும் எல்லைக்கு அப்பாலுள்ள சரிவு பாதுகாப்பானது என்பதற்கும் தொடர்பு இல்லை. “நேற்றும் இன்றும் எங்கே சரிந்தது, எந்தத் திசை பார்த்த சரிவு, எவ்வளவு ஆழம்” என்று கேளுங்கள்.

3. வரைபடத்திலேயே சரிவுகளை நீக்கிவிடுங்கள்

மேலே போய்த் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அங்கே குளிரிலும் மூச்சிரைப்பிலும் நண்பர்களின் அவசரத்திலும் தீர்மானிக்கிறார்கள். அறையில் உட்கார்ந்து முந்தின நாள் இரவே செய்யுங்கள்.

முதல் அளவுகோல் சரிவின் கோணம். பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் தொடங்குகின்றன. 38 டிகிரியை ஒட்டி அவை மிக அதிகம். பனிச்சறுக்குக்குச் சுகமான கோணமும் இதுதான் என்பதால், ஆசைக்கும் ஆபத்துக்கும் ஒரே சரிவு. ஐயம் இருக்கும் நாளில் 30 டிகிரிக்குக் குறைந்த சரிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். பனிப்படுகையைப் பற்றி ஒன்றும் தெரியாதவரையும் இந்த ஒரு முடிவு காப்பாற்றும். அதனால்தான் இது குழிக்கு முன்னால் வருகிறது.

40 மீட்டர் உயர இடைவெளியில் கோடுகள் போட்ட 1:50,000 வரைபடத்தில், 30 டிகிரி சரிவுக்கு அடுத்தடுத்த இரு கோடுகளின் இடைவெளி ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் வரும். அதைவிட நெருங்கினால் செங்குத்து கூடுகிறது. கோணத்தை வண்ணத்தில் காட்டும் செயலிகள் வசதிதான். ஆனால் இமயமலைக்குக் கிடைக்கும் உயரத் தரவு பெரும்பாலும் 30 மீட்டர் கட்டங்களால் ஆனது. இடையிலுள்ள சிறிய செங்குத்தான மேடு அதில் மழுங்கிப்போகும். செயலி 28 என்று காட்டினால் 32 இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நீங்கள் நிற்கும் சரிவு தட்டையாக இருந்தும் மேலே இருப்பது செங்குத்தாக இருக்கலாம். பனி அங்கே கிளம்பி உங்களிடம் வந்து சேரும். கிலன்மார்க் புல்வெளி பார்வைக்குச் சாதுவானது; 2010 பிப்ரவரியில் அங்கே பயிற்சியில் இருந்த ராணுவ வீரர்கள் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். ஆகவே இறங்கும் வழியை வரைபடத்தில் வரையும்போது மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் வரை பாருங்கள்.

மூன்றாவது, சரிந்தால் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? குறுகிய ஓடை, பாறை விளிம்பு, மரக்கூட்டம் ஆகியவை கீழே இருந்தால் சிறிய பனிச்சரிவும் கொல்லும். ஓடைக்குள் வந்து விழும் பனி பரவ இடமில்லாமல் ஆழமாகக் குவியும். அபர்வத்திலிருந்து இறங்கும் பள்ளங்கள் பல இப்படி ஓடைகளில்தான் முடிகின்றன.

கடைசியில் கையில் இரண்டு வழிகள் மிஞ்ச வேண்டும்: ஒன்று நினைத்தது, இன்னொன்று எந்த நாளிலும் போகக்கூடியது. இரண்டாவது வழி முன்பே இல்லாதவர்கள் மேலே போய்த் திரும்புவதில்லை. திரும்பி எங்கே போவது என்று தெரியாததே காரணம்.

4. கருவிகளும் தொடர்பு ஏற்பாடும்

ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள்: பீக்கன், புரோப், ஷவல். பீக்கன் என்பது 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பவும் தேடவும் செய்யும் கருவி. புரோப் புதைந்தவரைத் துழாவும் மடக்குக் கம்பி. 240 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். ஷவல் பனியைத் தோண்டி வாரும் கருவி; அது உலோகத்தில்தான் இருக்க வேண்டும். சரிந்து நின்ற பனி உடனே கெட்டித்துவிடும்; பிளாஸ்டிக் அதில் உடையும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வீண். குழுவில் ஒருவரிடம் மட்டும் இருந்தாலும் அப்படியே, ஏனென்றால் புதைவது அவராகவும் இருக்கலாம்.

பீக்கனில் கருவி செய்தவர் சொன்ன வகை பேட்டரியை மட்டும் போடுங்கள். சார்ஜ் செய்யும் பேட்டரிகள் பல கருவிகளில் மீதி அளவைத் தவறாகக் காட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. வெளி மாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு செய்யும். குழுவில் குறைந்தது இருவரிடம் இயங்கும் போன் இருக்க வேண்டும். அடுத்து, சேட்டிலைட் போனையோ சேட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியையோ அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு நண்பர் கொண்டுவந்தால் முன்பே சொல்லுங்கள். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அவசர அழைப்பு எண் 112.

5. புறப்படும் இடத்தில் ஐந்து நிமிடம்

கோண்டோலா வரிசையில் நிற்கும் முன் பீக்கன்களைச் சோதியுங்கள். ஒருவர் தன் கருவியைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகவேண்டும். பிறகு அவர் அனுப்பும் நிலைக்கு மாற்ற, இன்னொருவர் அவரைச் சோதிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பாதிதான் வழக்கமாக விட்டுப்போகிறது.

பீக்கனைச் சட்டைக்கு மேல், ஜாக்கெட்டுக்கு உள்ளே பட்டையுடன் மாட்டுங்கள். பையில் வைத்தால் பையோடு போய்விடும். போனை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். தேடும்போது 50 சென்டிமீட்டர். முடிந்தால் அணைத்தே விடுங்கள்.

6. வழியில் ஐந்து அறிகுறிகள்

புதிய பனிச்சரிவு. இன்றோ நேற்றோ சரிந்த தடம் தெரிந்தால் அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே திசை பார்த்த, அதே உயரத்திலுள்ள எல்லாச் சரிவுகளும் அன்றைக்கு மூடப்பட்டவை.

தொம்மென்ற ஓசை. நடக்கும்போது காலடியில் பனி முழுதுமாகச் சற்றே அமுங்கி, அடித்தொண்டையிலிருந்து வருவதைப் போன்ற ஓசை கேட்கும். பலவீனமான அடுக்கு அந்த நொடியில் நொறுங்கியிருக்கிறது. தட்டையான நிலமாக இருந்ததால்தான் எதுவும் நகரவில்லை. “பனி படிகிறது, நல்லதுதான்” என்று இதற்கு விளக்கம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஸ்கீ முனையிலிருந்து ஓடும் விரிசல். மேலே பாளமும் அடியில் பலவீனமும் சேர்ந்து இருப்பதற்கு இது அடையாளம்.

காற்று. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் அபர்வத்தில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கொட்டும் வேகம் பனிப்பொழிவைப் போலப் பத்து மடங்குகூட இருக்கும். மேற்கத்திய இடையூறுகள் (குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வந்து பனி பொழியும் வானிலை அமைப்புகள்) வரும்போது முகட்டில் மேற்கு, தென்மேற்குக் காற்று அடிக்கும். கோண்டோலாவிலிருந்து இறங்கும் முகம் பெரும்பாலும் கிழக்கும் வடகிழக்கும் பார்த்தது. ஆக, வாரிய பனி கொட்டப்படுவது நீங்கள் இறங்க நினைக்கும் பக்கத்தில். வானம் நீலமாக இருக்கும், ஒரு துளி பனியும் விழாது, முகட்டின் மேல் மட்டும் வெள்ளைப் புகை பறக்கும். அந்தப் புகைதான் எச்சரிக்கை. காற்று சேர்த்த பனி பார்க்க வழவழவென்று உருண்டு திரண்டிருக்கும். தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். முகட்டு விளிம்பில் தொங்கும் பனியின் மேல் ஏறிக் கீழே எட்டிப் பார்க்காதீர்கள். அது நினைத்த இடத்தைவிடப் பின்னால் உடையும்.

திடீர் வெப்பம். மார்ச்சில் காலை உறைந்திருந்த சரிவு நண்பகலில் கூழாகும். பூட்ஸ் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் அன்றைய வேலை முடிந்தது. மழை பெய்தால் நேரத்தைப் பார்க்காமல் இறங்கிவிடுங்கள்.

24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பனி விழுந்திருந்தால் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே வேண்டாம். பொழிவு நின்ற முதல் ஒன்றிரண்டு நாட்கள்தான் மிக மோசமானவை; வெயில் அடிக்கும், கூட்டமும் அப்போதுதான் கூடும்.

7. குழி வெட்டிப் பார்த்தல்

முன்சொன்ன எதுவும் “வேண்டாம்” என்று சொல்லாத நாளில் மட்டும் குழி. நீங்கள் இறங்கப்போகும் சரிவின் திசையும் உயரமும் உள்ள, ஆனால் கீழே ஆபத்தில்லாத சிறு சரிவைத் தேர்ந்தெடுங்கள். வேறு திசை பார்த்த சரிவில் வெட்டிய குழி வேறு மலையில் வெட்டியதற்குச் சமம். முந்தைய ஆட்கள் மிதித்த இடத்திலும் மரத்தடியிலும் வெட்ட வேண்டாம்.

ஒன்றரை மீட்டர் ஆழம் வெட்டி, நிழல் விழும் சுவரை ஷவலால் மட்டமாகச் சீவுங்கள். கையுறையோடு மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள்: முஷ்டி நுழைகிறதா, நான்கு விரல்களா, ஒரு விரலா, பென்சிலா, கத்தி மட்டும்தானா. கெட்டியான அடுக்குக்குக் கீழே திடீரென்று முஷ்டி நுழையும் இடம் வந்தால் அங்கே நில்லுங்கள். அந்தப் பனியைக் கறுப்புக் கையுறையில் கொட்டிப் பாருங்கள். பளபளக்கும் தட்டையான முகங்கள் தெரிந்தால், உங்கள் தாளில் எழுதிய வறட்சி நாட்கள் இவைதான்.

இப்போது சோதனை. சரிவுக்குக் குறுக்காக 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு தூணை நாற்புறமும் பிரியுங்கள். பின்பக்கத்தை முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுக்கலாம். ஒரு முனையில் ஷவலைக் கவிழ்த்து வையுங்கள். அதன் மேல் மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது 90 சென்டிமீட்டர் முழுவதும் ஓடினால், சரிவு முழுக்க ஓடும் வலு அதற்கு உண்டு. திரும்புங்கள், எத்தனையாவது தட்டு என்பது இரண்டாம்பட்சம். “25-ஆவது தட்டில்தானே உடைந்தது” என்று ஆறுதல் சொல்லிக்கொள்பவர்கள் தவறான எண்ணைப் பார்க்கிறார்கள்.

எதுவுமே உடையாவிட்டால்? இந்த இடத்தில் உடையவில்லை என்று மட்டுமே பொருள். பனியின் ஆழம் பத்தடிக்குள் மாறும். பாறைக்கு அருகே மெலிந்த இடத்தில் அதே அடுக்கு மேலேயே கிடக்கும். ஒரு மீட்டருக்குக் கீழே புதைந்திருக்கும் அடுக்கை இந்தத் தட்டுகள் சரியாக எட்டுவதும் இல்லை. நல்ல முடிவைக் காட்டி, வரைபடத்தில் நீக்கிய சரிவைத் திரும்பச் சேர்ப்பதற்குக் குழியைப் பயன்படுத்தாதீர்கள்.

8. இறங்கும்போது

ஒருவர் பின் ஒருவராக இறங்குங்கள். சரிவில் ஒரு நேரத்தில் ஓர் ஆள். மற்றவர்கள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் கடைசியாகப் பார்த்த இடம்தான் தேடலின் தொடக்கம். நிற்பது மேட்டிலோ ஓரத்திலோ இருக்கட்டும், சரிவின் நடுவிலோ அடிவாரத்திலோ வேண்டாம். பனிச்சறுக்குக் கோலின் வாரைக் கையில் மாட்டாதீர்கள். முன்னவர் பத்திரமாகப் போனது பின்னவருக்கு உத்தரவாதம் ஆகாது. ஐந்தாவது ஆள் மெலிந்த இடத்தை மிதித்து எல்லாவற்றையும் கிளப்பியதும் உண்டு.

9. யாராவது புதைந்தால்

முதல் பத்து நிமிடத்தில் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் அந்த வாய்ப்பு வேகமாகச் சரிந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் மீட்புக் குழு அந்தப் பத்து நிமிடத்தில் வந்து சேராது. கூட இருப்பவர்கள்தான் மீட்புக் குழு.

மேலே இன்னும் சரியக்கூடியது இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். மற்ற எல்லோரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மறந்தாலும் எல்லோரும் அவரையே தேடி ஓடுவார்கள். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, 40 மீட்டர் அகலப் பட்டைகளாகத் தேடுங்கள். வெளியே தெரியும் கையுறை, ஸ்கீ எதையும் இழுத்துப் பாருங்கள். பீக்கன் காட்டும் தூர எண் 3-க்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் முன்னும் பின்னும், பிறகு இடமும் வலமும் நகர்த்துங்கள். மிகச் சிறிய எண் வந்த இடத்திலிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுழலாகப் புரோப்பைக் குத்துங்கள், பனிப்பரப்புக்குச் செங்குத்தாக. தட்டுப்பட்டால் புரோப்பை உருவாதீர்கள்.

தோண்டுவதில்தான் அதிக நேரம் போகிறது, பயிற்சியில் எல்லோரும் தவிர்ப்பதும் அதைத்தான். புரோப்புக்கு நேர் மேலே நின்று கிணறு வெட்டாதீர்கள். ஆளின் மூச்சுக்கான இடம் நசுங்கும். சரிவின் கீழ்ப்பக்கமாக, புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று உள்நோக்கி வெட்டுங்கள். முன்னால் ஒருவர் வெட்ட, பின்னால் இருப்பவர்கள் பனியைத் தள்ளிவிட வேண்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை முன் ஆளை மாற்றுங்கள். முதலில் முகம், பிறகு மார்பு. வாயிலுள்ள பனியை எடுத்துவிட்டு மூச்சு இருக்கிறதா பாருங்கள்; இல்லாவிட்டால் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்குங்கள். வெளியே எடுக்கும்போது உடலைக் கிடைமட்டமாக, மெதுவாக நகர்த்துங்கள். குளிர்ந்த இதயம் முரட்டு அசைவில் நின்றுவிடலாம்.

ஆளை இறக்கிய பிறகு, சரிந்த இடம், திசை, உயரம், உடைந்த பாளத்தின் தடிமன் ஆகியவற்றை அன்றே ரோந்துக் குழுவிடம் சொல்லுங்கள். அடுத்த நாள் காலை கோண்டோலாவில் ஏறும் குழுவுக்கு அந்தத் தகவல் கிடைத்தாக வேண்டும்.